அப்பா பேரில் இருக்கும் வீடு

கிள்ளானில் எந்தக் குடியிருப்புத் தாமானுக்குள் வேண்டுமானாலும் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சுற்று போய் வாருங்கள். எந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இன்னும் பெற்றோரோடு இருக்கிறார்கள் என்பதை வாசலில் நிற்கும் கார்களே சொல்லிவிடும். போர்ச்சுக்குள் அப்பாவின் பழைய புரோட்டோன். கேட்டை மறித்துக்கொண்டு மகனின் மைவி. எதிர்ச் சாரியில், அந்த வீட்டுக்காரரின் முறைப்பைச் சம்பாதித்தபடி மகளின் அக்ஸியா. கால்வாய் ஓரமாகக் கடைசிப் பையனின் மோட்டார். காலையில் யார் முதலில் கிளம்புவது, யாருக்காக யார் வண்டியை எடுத்துப் போடுவது என்பது இரவுச் சாப்பாட்டின்போதே பேசி முடிவாகும். பேசி முடிக்காத வீடுகளில் ஆறே கால் மணிக்கு ஹாரன் கேட்கும். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலுக்கு முந்திக்கொள்ள வேண்டுமென்றால் அந்நேரத்துக்குக் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு முப்பதைத் தொட்ட வயது. வேலையில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேம்பாட்டாளர்களின் மாதிரி வீடுகளைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

பெற்றோரோடு இருப்பதை ஒரு தலைமுறையின் தோல்வியாகப் பேசுவது மேற்கில் சில நாடுகளின் வழக்கம். அங்கேயும் எல்லா ஊரும் ஒன்றில்லை. சுவீடனில் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறார்கள்; இத்தாலியிலும் ஸ்பெயினிலும் முப்பதுவரை அம்மா சமையல்தான். நம்மில் கல்யாணம்வரை வீட்டோடு இருப்பதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. தனியாகப் போனால்தான் "வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று கேட்பார்கள். எனவே கூடி வாழ்வதையே குறையாகச் சொல்லப்போவதில்லை. நான் கேட்பது வேறு: அந்த அப்பா வீடு எப்படி வந்தது? அது வராத வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் தோட்டத்தில் இருக்கிறது. கிள்ளானைச் சுற்றிய நிலம் ரப்பரும் தென்னையும் பிறகு செம்பனையுமாக இருந்தது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு 1886-இல் ரயில் வந்தது. ஈயத்துக்காகப் போட்ட தண்டவாளம் பின்னால் ரப்பரையும் ஆட்களையும் சுமந்தது. ஆட்களுக்குத் தோட்டத்தில் லயம் கிடைத்தது. ஒரு நீண்ட கூரை, வரிசையாக அறைகள், முன்னால் ஒரு திண்ணை, பொதுக் குழாய். வாடகை இல்லை. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். பேர் வெட்டினால் வீடும் போகும். யாரை வீட்டுக்குள் அழைக்கலாம் என்பதுகூடக் குடியிருப்பவர் கையில் இல்லை. 1941-இல் ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்ற பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் இது புரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. மச்சான் வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போக வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள்.

லயத்து வீட்டுக்கு இன்னொரு விதியும் இருந்தது, எழுதப்படாத விதி. ஐம்பத்தைந்து வயதில் அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டால் குடும்பம் அங்கேயே இருக்கலாம். பள்ளிக்கூடத்தை விட்டுப் பால்மரம் சீவப் போன எத்தனையோ பேருக்குப் படிப்பு ஏறாதது காரணமில்லை. வீட்டைக் காப்பாற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெற்றோர் வீட்டில் பிள்ளை இருப்பதை நாம் இன்று பேசுகிறோம். அன்று பிள்ளையின் பேரில்தான் பெற்றோருக்கு வீடே நிலைத்தது.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அப்போதுதான் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்தது. மாதம் 10 வெள்ளி. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதல் வாங்கல். நாள்கூலிக்காரனுக்குப் பத்து வெள்ளி சின்னப் பணமில்லை, மாதாமாதம் கட்டினார்கள். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய முன்பணத்தை யாரும் கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பங்குப் பத்திரம் வேறு, குடியிருக்கும் வீட்டுக்கான கிராண்ட் என்ற உரிமைப் பத்திரம் வேறு. தோட்டத்தின் பங்குதாரராக இருந்துகொண்டே தனக்கென்று ஒரு வாசற்படி இல்லாமல் ஓய்வு பெற்றவர்கள் உண்டு.

பிறகு தோட்டங்களே ஊர்களாயின. சீஃபீல்டு தோட்டம் 1976-லிருந்து சுபாங் ஜெயா ஆயிற்று. சுங்கை ரெங்காம் பக்கத்து ரப்பர்க் காடு ஷா ஆலாம் ஆயிற்று. கிள்ளானுக்கு வடக்கே புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆனது நேற்றைய கதை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தோட்டத்து ஆட்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்குப் பொது விடை இல்லை. சில இடங்களில் அதே நிலத்தின் ஓரத்தில் மலிவு விலை வீடு கொடுத்தார்கள். சில இடங்களில் ஈட்டுத்தொகை என்று ஒரு காசோலை. சில இடங்களில் முப்பது நாள் நோட்டீஸ். நிர்வாகத்தின் மனசு, சங்கத்தின் பலம், தேர்தல் எவ்வளவு பக்கத்தில் இருந்தது, கோவில் தலைவருக்குக் கடிதம் எழுதத் தெரியுமா என்பதெல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்தன. உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக அலைந்தது இருபது ஆண்டுக்கும் மேலே. அரசாங்கம் பணம் ஒதுக்கியதாக அவர்கள் கேட்டது 2023-இல்தான்.

நகரத்திலும் கதை அதிகம் வேறில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ். "நூறு குவார்ட்டர்ஸ்" என்றால் பழையவர்களுக்குத் தெரியும். ரயில்வேக்காரர் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் திறந்தபின் அந்த வட்டாரத்து நிலம் என்ன விலைக்குப் போயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இன்று தீபாவளிக்குச் சேலை எடுக்கத்தான் வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பா காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தை வீடமைப்புக்கு எடுத்துக்கொண்டபோது ஈட்டுத்தொகை கிடைத்தது; கூடவே ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பில் எடுத்ததையும் சேர்த்து மலிவு விலை தெரெஸ் வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டினார். விலை 25,000 வெள்ளி. அவர் பேரம் பேசி வந்த விலை இல்லை அது. மேம்பாட்டாளர்கள் கட்டும் வீடுகளில் நூற்றுக்கு முப்பது மலிவு விலையாக இருக்க வேண்டும், விலை 25,000-ஐத் தாண்டக் கூடாது, குடும்ப வருமானம் மாதம் 750 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று 1982-இல் அரசாங்கம் வைத்த வரம்பு. 1998-வரை அது நீடித்தது. பிறகு இடத்தைப் பொறுத்து 42,000 வரை ஏறிற்று. மாதம் 750 வெள்ளிக்காரருக்கு அந்த வீடு மூன்று வருஷச் சம்பளத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அந்த வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். வந்தபோது முன் அறை, இரண்டு படுக்கையறை, நிற்க மட்டும் இடமுள்ள அடுப்படி. முதலில் பின்பக்கம் நீட்டினார். கால்வாய்வரை சிமெண்டுத் தரையும் ஸிங்க் கூரையும். அடுப்படி அங்கே போக, பழைய அடுப்படி மூன்றாவது அறையாயிற்று. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சுவரின் மேல்வரிசையில் காற்றுக்கல் நாலு. போர்ச்சை மூடிக் கிரில் போட்டதில் முன்னறை பெரிதாயிற்று. சாமி மேடை மூன்று தடவை இடம் மாறியது. மழை பெய்தால் ஸிங்க்கில் விழும் சத்தத்தில் தொலைக்காட்சியில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காது. ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவள் அவருடைய மகள், மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள். வயது முப்பத்தொன்று. ஷா ஆலாமில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை. பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு வருஷம் அந்த மேசைதான் அவளுக்கு ஆபீஸ். சமையலறைக்குப் போகிற வழி அந்த அறை ஓரமாகத்தான் என்பதால், அவள் கேமராவில் பேசும்போது அவள் அம்மா குனிந்துகொண்டே நடந்து போவார்.

"இந்த வீட்டுல உனக்கு என்னம்மா கொறச்சல்?" என்று அம்மா கேட்கிறார்.

"கொறச்சல்னு ஒன்னும் இல்லம்மா. எனக்குன்னு ஒரு வீடு வேணும், அவ்வளவுதான்."

"கட்டிக்கிட்டுப் போற எடத்துல வீடு இல்லாமலா இருக்கும்?"

இந்தப் பேச்சு இதற்குமேல் நகராது. கல்யாணமாகாத பெண் தன் பேரில் வீடு வாங்கினால் வரன் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அம்மாவுக்கு. வேடிக்கை என்னவென்றால் மாப்பிள்ளை பார்க்கப் போனால் அதே அம்மா கேட்கும் முதல் கேள்வி, "பையன் வீடு வாங்கிட்டாரா?"

அவள் கணக்குக்காரி, கணக்கைப் போட்டுக் காட்டினாள். மாதச் சம்பளம் 3,500 வெள்ளி. 2023-இல் நாட்டில் சம்பளம் வாங்குவோரின் நடுவரிசைச் சம்பளம் 2,602 வெள்ளி. ஆகவே பாதிப் பேருக்கு மேலே நிற்கிறாள். அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிங்கிள் ஸ்டோரி தெரெஸ் வீட்டுக்கு 400,000 வெள்ளி கேட்கிறார்கள். பத்து விழுக்காடு முன்பணம், 40,000. மிச்சத்துக்கு 35 வருஷக் கடன். 2013-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்த உச்சவரம்பு அது. வட்டி 4.2 விழுக்காடு என்று வைத்தால் மாதம் 1,640 வெள்ளிக்குப் பக்கத்தில் வரும். ஈபிஎஃப் போகக் கையில் வருவது மூவாயிரத்துச் சொச்சம். காருக்கு 600, படிப்புக்கு வாங்கிய பிடிபிடிஎன் கடனுக்கு 150. எல்லாவற்றையும் கூட்டினால் கைக்கு வரும் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு மேல் கடனுக்கே போகும். வங்கிகள் பெரும்பாலும் அறுபது, எழுபது விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. "காரை வித்துட்டு வாங்க" என்றாராம் வங்கி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். காரை விற்றால் ஷா ஆலாமுக்கு எப்படிப் போவது? கொமுட்டர் ரயில் 1995-லிருந்து ஓடுகிறது. ஸ்டேஷனுக்குப் போகவும் ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் போகவும் வண்டி வேண்டும். வேலைக்குக் கார் வேண்டும், கார் இருந்தால் வீட்டுக் கடன் இல்லை.

முன்பணத்துக்கு ஈபிஎஃப் இருக்கிறதே என்பார்கள். அப்பா காலத்தில் இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து புதிதாகப் போடும் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது: 75 விழுக்காடு முதுமைக்கு, 15 வீடு, மருத்துவம், படிப்பு போன்றவற்றுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. முன்பு இரண்டாம் கணக்கில் 30 விழுக்காடு விழுந்தது. அவள் பங்கும் முதலாளி பங்குமாக மாதம் 840 வெள்ளி போகிறதென்றால், வீட்டுக்கென்று எடுக்கக்கூடிய கணக்கில் விழுவது 126 வெள்ளி. ஈவுத்தொகையை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்தப் பணம் மட்டும் 40,000 ஆக இருபத்தாறு வருஷம் ஆகும். பழைய இருப்பு இருக்க வேண்டும்தான். பெருந்தொற்றின்போது ஐ-லெஸ்தாரி என்று மாதம் 500 வெள்ளி எடுக்க விட்டது அந்த இரண்டாம் கணக்கிலிருந்துதான். தம்பிக்கு வேலை போய், அப்பாவுக்கு ஓவர்டைம் நின்ற மாதங்களில் அவள் எடுத்துக் கொடுத்தாள். ஐ-லெஸ்தாரியும் அதைத் தொடர்ந்த பெருந்தொற்றுக் காலத் திட்டங்களுமாக நாடு முழுக்க ஈபிஎஃப்பிலிருந்து வெளியே போனது 14,500 கோடி வெள்ளி. எத்தனை பேரின் முன்பணம் அதில் அரிசியும் மின் கட்டணமுமாகப் போயிற்றோ.

இனி வேறொரு கணக்கு. இதை நான் முதலில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. சிலாங்கூரில் குடும்பங்களின் நடுவரிசை வருமானம் 2022-இல் மாதம் 9,983 வெள்ளி. அந்த வருமானத்துக்கு 400,000 வெள்ளி வீடு மூன்றே கால் வருஷச் சம்பளத்துக்குச் சற்று மேல். மூன்று வருஷச் சம்பளம்வரை கட்டுப்படியாகும் விலை என்பது உலகெங்கும் வழங்கும் அளவுகோல். கஸானா ஆய்வுக் கழகம் 2015-இல் இங்கே வீட்டு விலையைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்டதும் அதுதான். அப்படிப் பார்த்தால் கிள்ளான் வீடு கொஞ்சம் விலை கூடுதல், அவ்வளவே. ஆனால் குடும்ப வருமானம் என்பது ஒரே கூரையின்கீழ் இருக்கும் எல்லாருடைய வருமானத்தின் கூட்டு. அப்பாவின் செக்யூரிட்டி வேலைச் சம்பளம், தம்பி கிராப் ஓட்டிக் கொண்டுவருவது, இவளுடைய 3,500. இவள் வீடு வாங்க முடியாமல் அப்பா வீட்டில் இருப்பதால்தான் அந்தக் குடும்பத்தின் வருமானம் உயர்ந்து நிற்கிறது. அப்படி உயர்ந்த வருமானங்களை வைத்துத்தான் வீடு கட்டுப்படியாகிறது என்று சொல்கிறார்கள். தனியாளாக வங்கிக்குப் போனால் அவளுக்கு அது ஒன்பதரை வருஷச் சம்பளம்.

சொந்த வீட்டுக் கணக்கும் இப்படியே. மலேசியாவில் நாலில் மூன்று குடும்பங்களுக்கு மேல் சொந்த வீட்டில் வாழ்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். பொய்யில்லை. ஜன்னல் இல்லாத அறையில் இருப்பவளும் அதில் சொந்த வீட்டில் வாழ்பவள்தான்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2011-இல் "என் முதல் வீடு" திட்டம் வந்தது. முன்பணமே இல்லாமல் கடன். 2012-இல் மலிவு வீடுகளுக்கான பிரிமா சட்டம். மாநிலத்துக்கு ரூமா சிலாங்கூர்கூ, 250,000 வெள்ளிக்குள். 500,000 வெள்ளிவரை முதல் வீட்டுக்கு முத்திரை வரி இல்லை. பட்டியலில் குறை சொல்ல இடமில்லை. முன்பணம் இல்லாமல் வாங்கினால் மாதத் தவணை இன்னும் ஏறும் என்பதும், மலிவு வீடுகள் பெரும்பாலும் வேலையிருக்கும் இடத்திலிருந்து தூரத்தில் எழும் அடுக்குமாடி என்பதும் போய்ப் பார்த்தால் தெரிகிற சங்கதி. புதிய வீடமைப்புத் திட்டங்களில் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கீடும் விலைத் தள்ளுபடியும் உண்டு. அதற்கு வெளியே நிற்பவர்களுக்கு எத்தனை வீடு மிச்சம் என்ற கேள்வி கிள்ளான் தமிழர் யாருக்கும் புதிதில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதிலிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. விலை குறைவாக இருந்தால் முதலில் கேட்பது, "தண்ணி ஏறுமா?"

கூட்டுக் கடன் ஒரு வழி. அப்பாவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், கடன் எழுபது வயதோடு முடிய வேண்டும் என்பார்கள். அவருக்கோ வயது அறுபத்தாறு. அண்ணனைச் சேர்க்கலாம் என்றால் அவன் பூச்சோங்கில் ஏற்கெனவே கடனில் இருக்கிறான். தம்பியைச் சேர்க்கலாம். அவனுக்குச் சம்பளச் சிலிப்பு இல்லை. அப்படியே சேர்த்தாலும், பின்னால் தனக்கென்று வீடு வாங்கப் போகும்போது அவனுக்கு அது முதல் வீடு ஆகாது. முத்திரை வரிச் சலுகை அக்காள் வீட்டோடு போய்விடும். உடன்பிறப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிற்பாடு பொண்டாட்டி கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் இவள் அதிர்ஷ்டசாலி. வாடகை இல்லை, சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், வீட்டுச் செலவுக்கு 500 வெள்ளி கொடுத்தது போக மாதம் எழுநூறு, எண்ணூறு ஒதுக்க முடிகிறது. அந்த ஒதுக்கலுக்கு இடம் கொடுப்பது 1982-இல் வைத்த ஒரு விலை வரம்பும், எண்பதுகளில் ஒரு தோட்ட நிர்வாகம் கொடுத்த ஈட்டுத்தொகையும். அடுத்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, இவளோடு அதே தமிழ்ப்பள்ளியில் படித்தவள், வேறு மாதிரி. அவள் அப்பாவுக்கு நோட்டீஸ்தான் கிடைத்தது. புறம்போக்கில் பலகை வீடு, அது இடிபட்டபின் தற்காலிக நீள்வீடு, பிறகு வாடகைக்கு மக்கள் வீடமைப்பு அடுக்குமாடி. கோலாலம்பூரில் அந்த வீடுகளுக்கு மாதம் 124 வெள்ளிதான் வாடகை. மூன்று அறை, எழுநூறு சதுர அடி. அந்தப் பெண்ணும் முப்பத்தொரு வயதில் பெற்றோரோடுதான் இருக்கிறாள். அம்மாவுக்கு டயாலிசிஸ், தம்பிக்கு மோட்டார்க் கடன். அவள் கையில் மாதக் கடைசியில் ஒதுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த வீட்டைக் காட்டிக் கடன் எடுக்க முடியாது, விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. இருவரையும் "பெற்றோரோடு வாழும் இளையோர்" என்று ஒரே பெட்டியில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இளையவர்கள் சிக்கனமில்லாதவர்கள், பப்பிள் டீக்கும் கைப்பேசிக்கும் காசைக் கொட்டுகிறார்கள் என்று கோவில் மண்டபத்தில் பேசுகிறவர்களைக் கேட்டால் எரிச்சலாக வருகிறது. 1988-இல் யாருடைய அப்பாவுக்குக் காசோலை வந்தது, யாருடைய அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது என்பதற்கும் பப்பிள் டீக்கும் என்ன சம்பந்தம்?

அப்பாவிடமிருந்து வருவதுதான் எல்லாம் என்றால், அது எப்படிக் கைமாறும் என்பதையும் பார்க்க வேண்டும். வீடு அப்பா பேரில். உயில் எழுதவில்லை. நம்மவர்களுக்குப் பொருந்தும் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டவளுக்கும் ஒன்பதில் இரண்டுதான். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துபோனவருக்கும் ஒன்பதில் இரண்டுதான். அந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் பங்கை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில், தான் பிறந்து வளர்ந்த வீட்டை வாங்குவதற்காக, எழுபதுவரை தவணை கட்டும் கடனுக்கு வங்கியில் போய் உட்கார வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு அப்படிக் கைமாறியது. இன்னொரு வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகளும் ஒத்துவராமல் விற்றுப் பங்கு போட்டார்கள். அங்கே கடைசிவரை இருந்து அம்மாவைக் குளிப்பாட்டியவர் இப்போது மேருவில் வாடகைக்கு இருக்கிறார்.

உயில் எழுதுங்கள் என்று நம் கணக்குக்காரியின் அப்பாவிடம் சொன்னேன். "எப்போ போவேன்னு பாக்குறியாப்பா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யார் பேருக்கு எழுத? மூத்தவனுக்கும் கடன். சின்னவனுக்கு ஒன்னுமே இல்ல. பொண்ணு நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போயிடுவா" என்றார். அவர் சொன்னதில் ஒவ்வொன்றும் உண்மை. அவர் சொல்லாத ஒன்று, பின்பக்க ஸிங்க் கூரை ஒழுக ஆரம்பித்தபோது மாற்றியது மகளின் பணம். கீழே செப்டிக் குழாய் போட்டதும் அவள் பணம். மாதம் 500 என்பது ஒன்பது வருஷமாகப் போகிறது. இதைக் கொடுக்கல் வாங்கலாக யாரும் நினைத்ததில்லை. அம்மா, அப்பா, பிள்ளை. அதில் என்ன கணக்கு?

போட வேண்டும் என்பது என் எண்ணம். அவள் கொடுத்ததையும், அவர்கள் கொடுத்ததையும், இரண்டு பக்கமும். வாடகை மிச்சமானதை அவள் கணக்கில் பற்றாக எழுதட்டும். கூரையை வரவாக எழுதட்டும். சம்பளத்தில் ஒரு பங்கைப் பெற்றோர் வீட்டுக்குக் கொடுத்து, ஒரு பங்கை இன்னும் வாங்காத தன் வீட்டுக்கு ஒதுக்குகிறவள் அவள், இரண்டு இடத்திலும் அவள் பேர் இல்லை. உட்கார்ந்து பேசி, தாளில் எழுதி, மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டால் பின்னால் நீதிமன்றத்துக்கும் சித்தப்பா பஞ்சாயத்துக்கும் வேலையில்லை. அவளிடம் இதைச் சொன்னபோது கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்பாகிட்டப் போய்க் கணக்குக் காட்டச் சொல்றீங்களா அங்கிள்?"

ஆமாம் என்றேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.